பதம்

சாகெனே ஆற்றில் பனி தடித்துவிட்ட வாரம்.
நோயெல்லா பெரோனின் மேசையில் ஒரு சக்கரத் தாங்கி,
இரண்டாக.
ஓடும் வண்டியில் உடையவில்லை, நல்லவேளை.
சோதனை மேடையில், பாதிப் பாரத்திலேயே
முறுக்குபோல் நொறுங்கிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழகியவர்களுக்கு
வார்ப்பு பிடிபடாது.
இதில் ஓரத்துச் சோறு வேறு, நடுச்சோறு வேறு.
மெல்லிய விளிம்பு அச்சின் இரும்பைத் தொட்டதும்
மூச்சுவிட நேரமின்றி உறைந்தது.
நெருக்கியடித்த கிளைப்படிகங்கள்,
கிளைக்கும் கிளைக்கும் இருபத்தைந்து மைக்ரான்.
தடித்த வயிற்றுக்கு அவசரமில்லை,
அங்கே கிளைகள் சாவகாசமாய் விலகி வளர்ந்தன,
எழுபது, எண்பது.
தாளில் இரண்டும் ஒன்றே:
நூற்றுக்கு ஏழு சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம்,
மிச்சமெல்லாம் அலுமினியம்.
உறைந்த வேகம் தாளுக்குத் தெரியாது.

ஓரத்திலிருந்து ஒரு கம்பி, வயிற்றிலிருந்து ஒரு கம்பி,
தீக்குச்சியைவிடக் குட்டை.
முகம் தெரியும்வரை தேய்த்து
எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளேயே பூட்டி
இழுக்கிறாள். நிறுத்துகிறாள். படம்.
இழுக்கிறாள். நிறுத்துகிறாள். படம்.
பட்டாணி சூப் ஆடை கட்டிவிட்டது.

முதல் கம்பியில் அலுமினியம் நெகிழ்கிறது.
சாய்ந்த கோடுகளாய் வழுக்கல்,
பிழிந்த துணியின் மடிப்புபோல்,
வந்து சிலிக்கான் துகளில் முட்டுகிறது.
துகள் சின்னது, முனை மழுங்கியது,
சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது.
ஒன்று விரிந்தால் பக்கத்தில் இருப்பது
பாரத்தை வாங்கிக்கொள்கிறது.
நூற்றுக்கு ஒன்பது நீண்ட பிறகே
மனசில்லாமல் அறுந்தது.

இரண்டாவது.
கிளைகளுக்கு நடுவே, கடைசியாய் உறைந்த சந்துகளில்
நார்நாராய் இருக்க வேண்டிய சிலிக்கான்
ஊசியாய்.
ஊசிகூட இல்லை, பலகை;
வெட்டுமுகத்தில்தான் ஊசி.
வழுக்கல்கள் வந்து குவிகின்றன,
திறக்காத கவுண்டரின் முன்னால் வரிசை நிற்பதுபோல்.
அரை சதவீதத்தில் முதல் ஊசி குறுக்கே பிளந்தது,
இருந்ததிலேயே நீளமானது,
இழுக்கும் திசையிலேயே படுத்திருந்தது.
ஒன்றரையில் இருபத்திரண்டு எண்ணினாள்.
அப்புறம் எண்ணவே வேண்டியிருக்கவில்லை.
பிளவு பிளவைத் தேடிப்போய்,
இரும்பு கலந்த தகடு ஒன்றின் விளிம்போடு நடந்து,
சுருங்கலில் விழுந்த குழிக்குள் இறங்கி,
அந்தப் பக்கம் ஏறிவிட்டது.
அலுமினியம் இன்னும் வளைந்துகொடுக்கத் தயாராய்த்தான் இருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

உலைக்காரன் தியெரி வாஷோன் வருகிறான்,
பூட்ஸிலிருந்து தரையெல்லாம் தண்ணீர்.
"ஸ்ட்ரோன்ஷியம் போட்டேன்.
பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. சீட்டு இருக்கு."
சீட்டு இருக்கிறது. பொய்யில்லை.
ஊசியை நாராக்கும் அந்தச் சிட்டிகை
உள்ளே போனது உண்மைதான்.
"அப்புறம்?"
"அப்புறம் காத்திருந்தேன். பனியில் சாலையை மூடிட்டாங்க,
அடுத்த ஷிப்ட் வந்து சேரலை,
அச்சுப் பக்கம் ஆளே இல்லை.
ஆனா சூடு இறங்க விடலை நான்,
ஒரு டிகிரி, ஏன், கூடவே
வெச்சிருந்தேன்..."

பெருமையாய்த் தொடங்கிய வாக்கியம்
நடுவில் நிற்கிறது.
உருகிய உலோகம் காத்திருக்கும்.
ஸ்ட்ரோன்ஷியம் காத்திருக்காது.
சூட்டோடு சூடாய் மேலேறி
கசடோடு கசடாய்ப் போய்விடும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரையைத் திருப்புகிறாள்.
வெகுநேரம் பார்க்கிறான்.
"கிளைக்கு ஒண்ணும் ஆகலையே?"
"இல்லை. சந்தில்தான்."

அறிக்கைப் படிவத்தில் கலவைக்குக் கட்டம் உண்டு,
வெப்பத்துக்கு உண்டு, நீட்சிக்கு உண்டு,
பொறுப்பாளர் பெயருக்கு ரொம்பப் பெரிய கட்டம்.
நோயெல்லா அதைத் தாண்டிப் போய்
அடிக்கோலால் புதிதாய் ஒன்று வரைகிறாள்,
கொஞ்சம் கோணலாக.
உலையில் காத்திருந்த நேரம்.
பேனாவை நீட்டுகிறாள்.

கையுறையைக் கழற்றி அவனே எழுதுகிறான்:
மூன்று மணி, பத்து நிமிடம்.
பத்தை அடித்து,
பன்னிரண்டு.